உள்பையில் மூன்று தோட்டாக்கள்

நாள் 212, 08:10
யூரோப்பா நிலவு, மூன்றாம் பனித்தளம். எழுதுவது பொறியாளர் மெஹருன்னிசா. வெளியே கழித்தல் 160 டிகிரி. தளத்தில் நானும் அமலதாசனும் மட்டும். அவன் தூத்துக்குடிக்காரன், வாய் ஓயாது. பனிப்பிளவு எங்களை நோக்கி வருகிறது. தோட்டா வெடித்து ஆணி அடிக்கும் துப்பாக்கியால் ஆறு நங்கூர ஆணிகளைப் பனிக்குள் இறக்கித் தளத்தை இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு இறங்கிவிட்டன.

நாள் 212, 15:40
குளிரில் ஐந்து தோட்டாக்கள் பற்றவில்லை. ஆறாவது, விசையை அழுத்தி மூன்று நொடி கழித்து வெடித்தது. நல்லவேளை, துப்பாக்கியை இறக்காமல் அறுபது எண்ணும் வழக்கத்தை அமலன் விடவில்லை. "அங்கி உள்பையில போட்டு எடுத்துட்டுப் போயேன், சூடா இருந்தாப் பத்தும்" என்று எரிச்சலில் கத்தினேன். அப்படியே செய்தான். மேலும் இரண்டு ஆணிகள் இறங்கின. கம்பெனித் தோட்டாக்கள் தீர்ந்தன.

நாள் 214, 19:00
வெற்றுக் கூடுகளில் நானே மருந்து அடைத்தேன். வெளியே உறையவிட்டு, தூரத்திலிருந்து சுட்டுப் பார்த்தேன். குளிரிலும் பற்றின, ஆனால் ஆணிக்கு வேகம் போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கூட்டினேன். கடைசித் தோட்டா கச்சிதம். அதே அளவில் நான்கு அடைத்தேன். பெட்டியில் "சோதித்தது" என்று எழுதினேன். எந்தக் குளிரில் என்று எழுதவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நாள் 215, 11:26
வானொலியில் அமலன்:
"அக்கா, ஒங்க தோட்டா நாலையும் நெஞ்சோட வச்சிருக்கேன். கோழி அடகாக்குற மாதிரி. ஒண்ணும் கவலப்படாதிய."
சிரித்தேன். "சரி, சுடு" என்றேன்.

11:27
சத்தம் வராது, இங்கே காற்றில்லை. இணைப்பு மட்டும் அறுந்தது.

நாள் 215, 13:05
இழுத்து வந்துவிட்டேன். துப்பாக்கியின் பின்கட்டு பிளந்து முகக்கண்ணாடிக்குள் போயிருக்கிறது. உறைந்த மருந்து சோம்பலாக எரியும். அதற்காக நான் கூட்டிய அளவு, சூடான மருந்தாக எரிந்தால் அழுத்தம் எங்கேயோ போய்விடும். இது முதலாமாண்டுப் பாடம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். சூடாக வைக்கச் சொன்னவளும் நான். அவன் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. படுபாவி நான்.

13:50
அங்கியைக் கழற்றினேன். அதன் சூடேற்றி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் கை சில்லிட்டுவிட்டது. உள்பையில் மூன்று தோட்டாக்கள், வெதுவெதுப்பாக.

15:20
தரை அதிர்கிறது. இன்னும் இரண்டு ஆணிகள். மாற்றுத் துப்பாக்கி இருக்கிறது. மூன்றையும் வெளியே உறையப் போட்டிருக்கிறேன். நன்றாக உறைய நான்கு மணி நேரம் வேண்டும். பிளவு அவ்வளவு நேரம் தருமா, தெரியவில்லை. தராவிட்டால் இந்தப் பதிவு யார் கையிலாவது

15:31
அலமாரி விழுந்தது. பெட்டியில் இப்போது கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன்: உறைந்த பிறகு மட்டும் சுடவும். படிக்க வேண்டியவன் மேசைமேல் கிடக்கிறான்.