தலையாட்டி வாங்கிய லேத்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படியை எண்ணி எண்ணி ஏறுகிறாள், ஒவ்வொரு படிக்கும் என்னை ஒரு திட்டு. சமையலறைக் குழாய் திரும்பவும் ஒழுகுகிறது. உன் தம்பி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டது உனக்குத் தெரியும். அதற்கு அவன் இரும்பு கடைய வாங்கிய லேத்து மூன்றே வாரத்தில் நின்றுபோனது. அது மட்டும் என்றால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

விற்றவர் அரைநூல் மாமா. சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு என் கம்பெனி வாசல்வரை வருவாரே, அவரேதான். அளவில் அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் உருப்படியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கடைவார், அதனால் வந்த பேர். இடுப்பு விட்டுப்போய் அவர் பட்டறையை மூடுகிறார் என்றதும் உன் தம்பி வந்து, அப்பா நீங்க ஒரு தடவ பாத்து ஓகேன்னு சொன்னாப் போதும் என்றான். எனக்குத் தலை கால் புரியவில்லை. இந்தப் பக்கத்தில் பழைய மெஷின் வாங்குகிறவன் எவனாக இருந்தாலும் என்னைத்தானே கூட்டிப்போவான், பெயிண்டைப் பார்த்து ஏமாறாதவன், காதாலேயே மெஷினை எடை போடுகிறவன் என்று. அன்றைக்கும் எல்லாம் முறைப்படி பார்த்தேன். உருப்படியைப் பிடிக்கிற சக்குக்குப் பக்கத்தில்தான் எப்போதும் வேலை நடக்கும், அங்கேதான் அடித்தளமான பெட்டு தேயும், அந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், படி தட்டவில்லை. பெட்டின் மேல் உளியைத் தாங்கி நகர்கிற கேரேஜை அந்த இடத்தில் இறுக்கிவைத்துவிட்டுக் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். அந்த இடத்தில் தேய்ந்த பெட்டு என்றால் கடைசியில் போய்ப் பிடிக்கும். பிடிக்கவில்லை. ஒரு கம்பியைப் போட்டு நடு ஓட்டத்தில் கடைந்து இரண்டு முனையையும் அளந்தேன், வித்தியாசமே இல்லை. கடைசியாக மெஷினை முழு ஓட்டத்தில் விட்டு, நீளத் திருப்புளியின் நுனியைத் தலைப்பகுதியில் பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு நின்றேன்.

தாயே, இத்தனை நாளும் இதை உன் அம்மாவைத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெஷினின் அதிர்வு கையில் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடமாகவே இப்படித்தான். பக்கத்தில் வந்து வாயைப் பார்க்கும்படி பேசினால் கேட்கும், சன்னமான சத்தம், தூரத்துப் பேச்சு, மெஷின் ஓடும்போது பேசுகிற பேச்சு எதுவும் கிடையாது. டாக்டர் காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார். காதில் மெஷினை மாட்டிக்கொண்டு போனால் எவன் என்னை லேத்து பார்க்கக் கூப்பிடுவான் என்று வீம்பு பிடித்தேன். அதற்குப் பதில் ஒரு நல்ல வித்தை கற்றுக்கொண்டேன், தலையாட்டுவது. யார் என்ன சொன்னாலும் ஒரு ஆட்டு. அன்றைக்கும் திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டு பெரிய வித்வான் மாதிரிக் கண்ணைப் பாதி மூடித் தலையாட்டினேன். உன் தம்பி அப்போது வெளியே வண்டி உள்ளே வருமா என்று சந்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான். திரும்பி வந்தவனிடம் தாராளமாக வாங்கலாம் என்றேன்.

மூன்றாவது வாரம், சக்கைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் தண்டு சிக்கிக்கொண்டு நின்றது. பிரித்தால் பேரிங் பொடிப்பொடியாக இருக்கிறது, ஸ்பிண்டிலும் கீறிப்போய்க் கிடக்கிறது. பம்பு கம்பெனிக்குத் தேதி சொல்லி வாங்கிய வேலை கைவிட்டுப் போனது. உன் தம்பி என்னை இழுத்துக்கொண்டு அரைநூல் வீட்டுக்குப் போனான். தெருவே வேடிக்கை பார்க்க நடுத்தெருவில் நின்று, எங்கப்பா காத வச்சுக் கேட்டப்ப சத்தமே இல்ல, அதுக்கப்புறம் நல்ல பேரிங்கக் கழட்டிக்கிட்டு ஓட்டைய மாட்டி அனுப்பியிருக்கீங்க, திருட்டுப் பய என்று வாய் கூசாமல் கத்தினான். பெரியவர் என்று பார்க்கவில்லை. இது எனக்கு நன்றாகவே கேட்டது. அவர் உதடு துடிக்க, முழு ஓட்டத்துல பேரிங் ஊளையிடுது, மாத்திட்டு ஓட்டுங்கன்னு ஒங்கப்பாட்டயே சொன்னேனேப்பா, தலையாட்டுனாரே என்றாராம், இதை உன் தம்பிதான் என் முகத்துக்கு நேரே வந்து திரும்பச் சொல்லி, சொன்னாராப்பா என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நம்பினேன். நாற்பது வருடப் பழக்கம், அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

இரண்டு நாள் கழித்து உன் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதோ சொல்ல, நான் பேப்பர் படித்தபடி தலையாட்டியிருக்கிறேன். அவள் கரண்டியோடு முன்னால் வந்து நின்று, என்ன கேட்டேன்னு சொல்லுங்க பாப்போம் என்றாள். பேப்பரை மடித்தேன். அடுத்த தெருக் கிழவனோட ஓடிப்போகட்டுமான்னு கேட்டேன், சரின்னு ஆட்டுறீங்க என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரைநூல் அன்றைக்கு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று குனிந்து வாயை அசைத்தது அப்போதுதான் கண்முன்னே வந்தது. அவர் சொல்லியிருக்கிறார். நான் ஆட்டியிருக்கிறேன். அவர் விற்பதற்கு வைத்திருந்த டிரில்லிங் மெஷினைக் கேட்டு வந்தவன் இந்தப் பேச்சைக் கேள்விப்பட்டுப் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டானாம். ஆயுசு முழுக்க அரை நூல் பிசகாதவருக்கு என்னால் இந்தப் பேர்.

போன செவ்வாய்க்கிழமை தனியாக அவரைப் பார்க்கப் போனேன். காலி ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நீ சொல்லியிருப்பே, எனக்குத்தான் காது கேக்கல, கேக்காமலே தலையாட்டிட்டேன் என்றேன். அவர் எழுந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னார். திட்டினாரா, போகட்டும் என்றாரா, எனக்குத் தெரியவில்லை. கழுத்து தானாக ஆடப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, இப்பச் சொன்னதும் கேக்கல, எழுதிக் காட்டு என்றேன். கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து, லேத்து இருந்த இடத்து எண்ணெய்க் கறைத் தரையில் எழுதினார். காது கேட்கவில்லை என்று அன்றைக்கே சொல்வதற்கு உனக்கு என்ன கேடு? அதற்குக் கீழே, உன் மகன் தெருவில் சொன்னதைத் தெருவில் வந்து திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். அவர் கேட்பதில் தப்பே இல்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. உன் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் திங்கட்கிழமை போலீசில் கொடுப்பதற்கு மனு எழுதி அலமாரியில் வைத்திருக்கிறான், சாட்சி என்று என் பேர், நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு எழுதியிருக்கேன் என்கிறான். சாப்பிடும்போது நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் வைக்கிறான். நாளைக் காலையில் சொல்லிவிடுவேன். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவேன், அவன் வராவிட்டால் நானே நடுத்தெருவில் நின்று சொல்வேன். அவன் எவ்வளவு திட்டினாலும் பாதிதான் எனக்குக் கேட்கும், அது ஒன்றுதான் இந்தக் காதால் கண்ட லாபம்.

நீ எல்லா நலமும் பெற்று மனசு நிறைந்து இருக்க வேண்டும், பேரப்பிள்ளைக்கு என் முத்தம். இனிமேல் என்னோடு போனில் பேசாதே, எழுது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தபோது நீ கூப்பிட்டாய், நெடுநேரம் பேசினாய், நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினாய் போலிருந்தது. கடைசியில் ஏதோ கேட்டாய். நான் ரொம்ப நல்லதும்மா, அப்படியே செய் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. அன்றைக்கு என்ன கேட்டாய் என்று எழுது தாயே. அப்பா சரி என்று சொன்னார் என்று நினைத்து எதையும் செய்துவிடாதே.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா.