மேப் பார்க்க நின்ற இடம்

புல்லட்டின் பின்சீட்டில் வைத்து என்னை ஹம்பி வரைக்கும் கூட்டிப்போன கலா அப்பாவுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் பழக்கம் விடவில்லை.

நம் கலாவின் பெண் நித்யா சொந்தச் சம்பளத்தில் புல்லட் வாங்கிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை சிநேகிதிகளோடு கோவா போகிறாளாம். ஹேண்டில்பாரில் ஜி.பி.எஸ். என்று ஒரு சின்னப் பெட்டி. சேட்டிலைட்டைக் கேட்டு அது வழி சொல்லுமாம். அதற்குள்ளிருந்து ஒரு பொம்பளை இங்கிலீஷில் பேசுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அது என் வேலை அல்லவா?

ஐந்தாவது படித்தவளுக்காக, மேப்பில் ஊர்ப் பேருக்குப் பக்கத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் தமிழில் எழுதி வைத்தீர்கள். காற்றில் பறக்காமல் அதை உங்கள் முதுகிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு படிப்பேன். ஒரு தடவைகூட வழி தப்பியதில்லை.

அந்தத் திமிரில்தானே அன்றைக்கு அப்படிப் பேசினேன்? மாப்பிள்ளை எதிரில், மேப் இருந்தால் போதும், படிக்க ஆள் எதற்கு என்று விளையாட்டாகச் சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "நான் இல்லாம ஒரு வளைவு திரும்பிடுவீங்களா? போய்ட்டு வந்து காட்டுங்க, பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் தனியாகப் போனீர்கள். கிருஷ்ணகிரி தாண்டி ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில், தார் ஓரத்திலேயே வண்டியை நிறுத்தி மேப்பைப் பிரித்தீர்களாம். பின்னால் லாரி. அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். இடது பக்கம்.

அதனால்தான் நித்யாவை ஒரு மாதமாகத் தடுத்தேன். என் அம்மா சரி என்றால்தான் அனுப்புவேன் என்று கலாவும் சொல்லிவிட்டாள். கடைசியில் நித்யாவே வந்தாள். "ஒரு வாட்டி பின்னாடி உக்காந்து வந்து பாரு ஆயா. அப்புறமும் வேணாம்னா நான் போவல."

ஞாயிற்றுக்கிழமை தாமல் தாண்டிக் கூட்டிப்போனாள். அங்கே புதிதாக ரோடு போட்டிருக்கிறார்கள், பெட்டிக்கு அது தெரியவில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. உன் இங்கிலீஷ்காரிக்கு வழி மறந்துபோச்சா என்று குத்தினேன்.

அவள் பெட்டியைப் பார்க்கவேயில்லை. வண்டியைத் தாரை விட்டு மண்ணில் இறக்கினாள். இன்னும் தள்ளி, ஒரு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, என்னை இறங்கி உள்பக்கமாக நிற்கச் சொன்னாள். என்ஜினை அணைத்த பிறகுதான் வழி பார்த்தாள்.

இவ்வளவு தூரம் எதற்குடி தள்ளி வந்தாய் என்று கேட்டேன்.

"வழி தெரியலன்னா மொதல்ல ரோட்ட உட்டு எறங்கணும் ஆயா. லைசென்ஸ் எடுத்தப்பவே அம்மா சத்தியம் வாங்கிக்கினாங்க. தாத்தாவ நெனச்சிக்கினு."

கலா இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னை மாதிரியே அவளும் அந்த ரோட்டோரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாளா? நான் ஏன் கேட்கவேயில்லை? அந்த மண்ணில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை பயந்துவிட்டாள். போய் வா என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெட்டி அன்றைக்கு உங்களிடம் இருந்திருந்தால் நிற்காமலே போயிருப்பீர்களோ? பெட்டி எதற்கு, நான் இருந்திருக்கலாமே.

நீங்கள் கிளம்பிய அன்று காலை கோபத்தில் நான் வாசலுக்கு வரவில்லை. சமையலறையில் நின்றபடியே வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டேன். வெள்ளிக்கிழமை வாசலுக்கு வருவேன். அவள் கண்ணில் படுகிற மாதிரி நிற்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
நித்யாவின் ஆயா
பத்மாவதி
சின்ன காஞ்சிபுரம்