துரை துக்கம் காக்கவில்லை

இஞ்சேருங்கோ,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து மேலும் மூன்று கிழமை போய்விட்டது. அழ வந்தவர்கள் அழுதுவிட்டுப் போய்விட்டார்கள். இனி நான் ஆறுதலாக இருந்து உங்களோடு சண்டை பிடிக்கலாம். இருபத்தாறு வருடத்தில் எந்தச் சண்டையிலும் நீங்கள் வாய் திறந்ததில்லை, இப்போதும் திறக்கப் போவதில்லை. அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இராது. மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். நீங்கள் பார்த்த வேலை நாலு பேருக்குத் தெரியத்தான் வேண்டும்.

முதலில் உங்கள் செல்லப்பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். உங்கள் துரை, நீங்கள் போன நாளிலிருந்து சாப்பிடவில்லை.

பல்லி சொன்னால் நின்று கேட்போம், மேலே விழுந்தால் பலன் பார்ப்போம். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சூடு காட்டி, இடுக்கியால் பூச்சி ஊட்டுகிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்ததில்லை, என் வீட்டிலும் இருந்ததில்லை. நம் மகள் அபி பதினாறு வயதில் அடம்பிடித்து வாங்கிய சிறுத்தைப் பல்லி அது. அவள் விவசாயம் படிக்க சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போனபோது, அங்கே அறையில் வைத்திருக்க விடமாட்டார்கள் என்று நம்மிடம் விட்டுப்போனாள். நீங்கள்தான் அதற்குத் துரை என்று பெயர் வைத்தீர்கள். எந்த நாளில் கிரிக்கெட் பூச்சி, எந்த நாளில் மாப்புழு, எவ்வளவு கல்சியம் தூள் என்று அவள் எழுதிய தாளைப் பெட்டியில் ஒட்டினேன். "குடுத்தாச்சோ?" என்று ஒவ்வொரு பின்னேரமும் கேட்டேன். "ஓம் ஓம், குடுத்திட்டன்" என்றீர்கள். நம்பினேன்.

எட்டாம் நாள் படையலுக்கு வந்த சனம் துரையைப் பார்க்க வரிசையில் நின்றது தெரியுமா? உங்கள் அக்காதான் தொடக்கி வைத்தவர். "பாத்தியளே மச்சாள், வாயில்லாச் சீவன், துக்கம் காக்குது. எங்களுக்குத்தான் விடிஞ்சாப் பசிக்குது" என்று மூக்கைச் சிந்தினார். பேந்து ஒருவருக்கும் தெரியாமல் ஒரு வடைத் துண்டையும் பெட்டிக்குள் போட்டுவிட்டார். துரை அதன் மேலே ஏறி நின்று எல்லாரையும் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. நான் அன்று இரண்டு தரம் சோறு சாப்பிட்டிருந்தேன். கட்டின மனிசி சாப்பிடுகிறாள், பல்லி பட்டினி கிடக்கிறது என்று சனம் நினைக்குமே என்று நினைத்தேன்.

அதே எட்டுப் படையலில் இன்னொன்றும் நடந்தது. உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். தொதல், கேக், பொரித்த மீன், உங்களுக்குச் சலரோகம் என்று டொக்டர் சொன்னதிலிருந்து ஐந்து வருடமாக நான் மேசையில் வைக்காத அத்தனையும். தேத்தண்ணீர் மட்டும் நான் ஊற்றினேன். உங்கள் அக்கா ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்த்தார்.

"என்ன மச்சாள், செத்த மனுசனுக்குமோ சீனி இல்லை?"

கை பழகிப்போய்விட்டது. வேறு என்ன சொல்ல? நீங்கள் போவதற்கு முதல் நாள் பின்னேரம்தான் கேட்டீர்கள், "ஒரு கரண்டி போடுமன், வாய் கசக்குது" என்று. "ஏலாது" என்றேன். அடுத்த நாள் காலை வேலைக்குப் போகிற வழியில், டவுன்டவுன் மெட்ரோப் படியில் விழுந்துவிட்டீர்கள். அந்த ஒரு கரண்டிச் சீனியை நினைத்து ஆறு கிழமை அழுதேன். அடுப்படியில் அழுதேன், கார்டரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில், பிள்ளைகளுக்குக் கரட் வெட்டும்போது அழுதேன். நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள், வாயைப் பொத்துகிற பிள்ளையையும் சாப்பிட வைக்கிறவள், கட்டின மனிசனுக்குக் கடைசித் தேத்தண்ணீரைக் கசப்பாகக் கொடுத்து அனுப்பினேன் என்று அழுதேன்.

துரையின் வால் மெலிந்துகொண்டே போனது. கொழுப்பைச் சேர்த்து வைக்கிற இடம் அதுதானாம். அபி போனில், "அம்மா, லிசர்டுக்குத் துக்கம் ஒண்டும் தெரியாது. மாமி சொல்லுறதைக் கேக்காமல் வாங்கின கடைக்குக் கொண்டு போங்கோ" என்றாள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, என் சால்வையால் சுற்றி, பஸ்ஸில் கொண்டு போனேன். கடைக்காரி கழுத்து முழுக்கப் பச்சை குத்தியவள். துரையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் கேட்டாள், வீட்டில் யார் இதற்கு மெழுகுப்புழு கொடுத்துப் பழக்கியது என்று. வெள்ளையாக, கொழுகொழுவென்று இருக்கிற புழு. பல்லிக்கு அது மிட்டாய் மாதிரியாம். ருசி கண்டுவிட்டால் மற்றதைத் தொடாதாம், செத்தாலும் அதற்குத்தான் காத்திருக்குமாம்.

நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? எங்கள் வீட்டில் அது வந்ததே இல்லை, என் கணவர் தாளில் எழுதியபடிதான் கொடுப்பார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் துரையை டப்பாவில் வைத்துத் தந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, பனிக்காலத்துக்கு மாட்டுகிற விண்டர் டயர் எடுக்க பேஸ்மென்டுக்கு இறங்கினேன். "டயரை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று நீங்கள் நாள் தவறாமல் இறங்குவீர்கள். யூலை மாதத்திலும் இறங்குவீர்கள். யூலையில் விண்டர் டயரில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? நல்ல மனிசன், பொருளைக் கவனமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நாலு டயரும் ஒன்றின் மேல் ஒன்று. மேலே இரண்டைத் தூக்கினேன். நடுவில் நீலப் பிஸ்கட் தகரம். உள்ளே ஒரு பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதற்குள் மெழுகுப்புழு எல்லாம் அந்துப்பூச்சியாகிச் செத்துக் கிடந்தது. மற்றப் பக்கம் சர்க்கரை போட்டு உருட்டிய பயத்தம் பணியாரம். ஒன்று பாதி கடித்தபடி.

அந்தப் பணியாரத்தை எனக்குத் தெரியாதா? அவ்வளவு சின்னதாக உருட்டுகிறவர் ஒருவர்தான். அந்தக் குளிரிலேயே நின்று உங்கள் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், நீங்களோ செய்து குடுத்தது?"

"அவன் கேட்டவன். நீங்கள் குடுக்கமாட்டீங்கள் எண்டவன்."

"டொக்டர் குடுக்க வேண்டாமெண்டவர்."

"எனக்கு அவன் தம்பி, மச்சாள்" என்றார். பிறகு அழத் தொடங்கினார். நான் அழவில்லை. போனை வைத்துவிட்டு டயரைக் காலால் உதைத்தேன். என் பெருவிரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

உங்களுக்கு விசரோ? எனக்கு எத்தனை ஆத்திரம் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. கடைக்காரியின் முன்னால் என்னை மடைச்சியாக்கினீர்கள், அது ஒன்று. உங்கள் இரத்தத்தை நீங்களே கெடுத்தது போதாதென்று அந்தப் பல்லியையும் கெடுத்தீர்கள். ஆறு கிழமை நான் அழுத அழுகைக்கு யார் பதில் சொல்வது? சீனி இல்லாத தேத்தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு அன்றும் டயர் பார்க்கத்தானே போனீர்கள்? வாய் இனித்தபடிதானே வந்து படுத்தீர்கள்? காப்பான் பெரியவனா கள்ளன் பெரியவனா என்பார்கள். இந்த வீட்டில் நான் காவல், கள்ளர் இரண்டு பேர். மூன்றாவது ஆள் பணியாரம் உருட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

துரையையும் கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, கொடுத்தது என் கணவர்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. மெழுகுப்புழுவை அடியோடு நிறுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கிரிக்கெட் பூச்சியை விடு, முகத்தைப் பார்த்து இரங்காதே என்றாள். வாலில் இன்னும் இரண்டு கிழமைக்குக் கொழுப்பு இருக்கிறது, அதற்குப் பிறகு ஆபத்து என்றாள். சாப்பிடத் தொடங்கினால் வாரத்துக்கு ஒரு மெழுகுப்புழு கொடுக்கலாமாம். வாரத்துக்கு ஒன்றால் ஒருவரும் சாவதில்லை என்றாள்.

அந்தச் சொல்லை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன்.

பத்து நாள் துரையும் நானும் முறைத்துக்கொண்டு இருந்தோம். பூச்சி அதன் மூக்கின் மேல் நடந்து போகும், துரை கண்ணை மூடிக்கொள்ளும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதாம். இது சிறுத்தை. ஒன்பதாம் நாள் இடுப்பெலும்பு தெரிந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புழு வாங்க வாசல் வரை போய்விட்டேன். செத்துப்போனால்? இன்னொரு உயிருக்கும் "ஏலாது" என்று சொன்ன ஆள் நானாக இருக்க வேண்டுமா? பிறகு சப்பாத்தைக் கழற்றினேன். "சாப்பிடாட்டி விடும். நானும் இஞ்சைதான் இருப்பன்" என்று உங்களோடு கதைக்கிற குரலில் சொல்லிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டேன்.

பதினோராம் நாள் பின்னேரம் துரை வாலை ஆட்டியது. ஒரே பாய்ச்சல். பூச்சியின் கால் இரண்டு வாய்க்கு வெளியே துடித்தது. நான் கைதட்டினேன், கார்டரியில் தட்டுகிற மாதிரி. உங்களைக் கூப்பிடத் திரும்பினேன். அப்போதுதான் அழுதேன்.

வாரத்துக்கு ஒன்று. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கரண்டி, மேசையில் எனக்கு முன்னால் இருந்து நீங்கள் குடித்திருக்கலாமே. அந்தக் குளிரில், டயருக்குப் பக்கத்தில் நின்று, கடித்ததில் பாதியை ஒளித்துவைக்க வேண்டி வந்திராதே. உங்களில் எனக்குள்ள ஆத்திரம் குறையவில்லை. ஆனால் அதில் ஒரு பங்கை இப்போது என் கணக்கிலும் எழுதிக்கொள்கிறேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துரைக்கு ஒரு மெழுகுப்புழு கொடுத்தேன். உங்கள் படத்துக்கு முன்னால் தேத்தண்ணீர் வைத்திருக்கிறேன், ஒரு கரண்டிச் சீனி போட்டு, நன்றாகக் கரைத்து. இனி ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேருக்கும் இது உண்டு, நான் இருக்கும்வரை. திங்கட்கிழமை கேட்கக்கூடாது.

டயருக்குள் நீங்கள் ஒளித்ததைக் கண்டுபிடித்த,
அபியின் அம்மா