மொட்டைமாடிச் சாமான்கள்

மார்ச் 3
குடைமிளகாய் நறுக்கும்போது வாலு கேட்டாள்: "இதுல குடை எங்க இருக்கு?" கவிழ்த்துக் காட்டினேன். கல்யாணமாகி வந்து மூன்று மாதத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

இவருடைய மகள். எனக்கு — என்ன? என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தாய் போனதிலிருந்து பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். லீவு விட்டதும் அந்தப் பெரியம்மா வந்து, இங்கேயா அங்கேயா என்று கேட்கப்போகிறார். அவள் கட்டிலுக்கு அடியில் துணி அடுக்கிய பை இப்போதே தயார்.

மார்ச் 6
மொட்டைமாடித் தொட்டிகளில் வீடு கட்டுகிறோம். விதி அவள் போட்டது: பெயரில் ஒரு சாமான் இருந்தால்தான் செடிக்கு இடம். சங்குப்பூ வந்தாயிற்று. காய்ந்த கிலுகிலுப்பைக் காயை ஆட்டினால் நிஜமாகவே சத்தம் வருகிறது. யார் முதலில் ஆட்டிப் பார்த்திருப்பார்கள்? அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவளாகத்தான் இருக்கும்.

மார்ச் 9
மூக்குத்திப்பூவை மூக்கில் வைத்துக் காட்டினேன். "பொருந்தல." சிரித்த மாதிரி இருந்தது.

மார்ச் 14
எழுத்தாணிப்பூண்டில் எழுத்தாணி எங்கே? காம்பா, மொட்டா? இவரைக் கேட்டால், "ஆளை விடுங்க ரெண்டு பேரும்."

மார்ச் 20
சொதப்பிவிட்டேன். களை எடுக்கிறேன் பேர்வழி என்று எழுத்தாணிப்பூண்டை வேரோடு பிடுங்கிவிட்டேன்.

"மூக்குக்கண்ணாடிக் கடையிலதானே வேலை பாக்குறீங்க? கண்ணு தெரியாதா?" வாலு கத்தினாள்.

நானும் கத்தினேன். "பாக்க களை மாதிரிதானே இருக்கு, நான் என்னத்தக் கண்டேன்!" சின்னப் பிள்ளையிடம் போய் இப்படியா?

குப்பையில் போடும்போதுதான் பார்த்தேன். வேர் நீளமாக, நேராக, முனை கூராக. இதுதானோ எழுத்தாணி? கழுவி அவள் மேசையில் வைத்தேன்.

மார்ச் 21
மேசையில் வேரைக் காணோம்.

மார்ச் 23
"அந்த வேரால மண்ணுல எழுதிப் பாத்தேன். எழுதுது." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன எழுதினாளாம்?

ஏப்ரல் 2
நாளை பெரியம்மா வருகிறார். பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் பை இல்லை. அலமாரியைத் திறந்தால் அவள் துணியெல்லாம் அடுக்கியிருக்கிறது.

மாடிக்கு ஓடினேன். பை நிறைய மண். வாளவரை விதையை ஊன்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"காய்க்க மூணு நாலு மாசம் ஆகுமாம்," என்றாள், நிமிராமல். "இதையும் பிடுங்கிப் போட்டுடாதீங்க."