என் கையால் எழுதிய ‘வெள்ளை’

ஜனவரி 12, வியாழன்

இன்றும் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். சுருள் தெரியக்கூடாதே! “இன்னும் வெட்டினா மண்டைதான் வரும், டெரால்டோ” என்றார் முடிவெட்டுபவர். வரட்டும் என்றேன். மண்டைக்கும் நிறம் உண்டு என்பது வீட்டுக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஐம்பத்தாறு வயது அறிவாளி.

ஜனவரி 17

ஜண்டீராவுக்கு மருத்துவப் படிப்பில் இடம்! என் மகள் டாக்டர்! கறுப்பின மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்ததாம்.

“நாம கறுப்பா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். “வேற என்னப்பா?”

“மாநிறம். நம்ம முப்பாட்டன் போர்ச்சுகல்லேர்ந்து கப்பல்ல வந்தவரு.”

அடுப்படியிலிருந்து என் மனைவி நெயுசா சிரித்தாள். “கப்பல்தான். ஆனா அடித்தட்டுல, சங்கிலியோட. உன் அண்ணன் சொல்லியிருக்காரே!”

அரகாவ் என்ற எங்கள் குடும்பப் பெயர் கரும்பாலை முதலாளியுடையது. விடுதலை தந்தபோது அடிமைகளுக்குப் பெயரைக் கொடுத்தார்கள். நிலத்தைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். நானோ அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவருடைய பேரன் மாதிரி இந்த பிரேசில் நாட்டுச் சால்வடோர் நகரம் முழுக்க நடந்திருக்கிறேன்.

ஜனவரி 19

பல்கலைக்கழகக் குழு ஒன்று பிள்ளைகளின் நிறத்தை நேரில் பார்த்துத்தான் ஒதுக்கீட்டை உறுதி செய்யுமாம். பயந்துபோய் மகளிடம் சொன்னேன்: “ரெண்டு நாள் வெயில்ல நில்லும்மா.”

பதினெட்டு வருஷமாக, “வெயில்ல போகாதே, கறுத்துடுவே” என்று கத்தியவன் நான். அவள் சிரிக்கக்கூட இல்லை.

ஜனவரி 23

பிடிபட்டேன். அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்றாக அவள் தன் பழைய சேர்க்கைப் படிவத்தின் நகலை வாங்கி வந்தாள். நிறம் — வெள்ளை. அந்தப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் யார்? நானேதான்.

“இது யாரு கையெழுத்துப்பா?”

“ஆறு வயசுல நீ கொஞ்சம் வெளுப்பா…”

“அப்பா!”

“உன் நல்லதுக்குத்தாம்மா. வெள்ளைன்னு இருந்தா டீச்சருங்க கொஞ்சம் கவனிப்பாங்க…”

“பெரியப்பாவ டிரைவர்னு சொன்னதும் என் நல்லதுக்குத்தானா?”

 

ஜனவரி 24

எழுதிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்பு, ஜண்டீராவின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்து. என்னைவிடக் கறுத்த என் அண்ணன் கிரிஸ்பிம் புதுக் கோட்டில் வாசலில் நின்றார். “இவர் யாரு?” என்று எங்கள் தலைமையாசிரியை கேட்டார். “டிரைவர்” என்றேன். அண்ணன் காதில் விழுந்தது. விருந்து முடிந்ததும் அந்த அம்மாளைத் தன் காரிலேயே வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

ச்சீ. என்ன மனுஷன்டா நீ?

ஜனவரி 26

படிவத்தில் ‘வெள்ளை’ என்று எழுதியதைப் பற்றித் தலைமையாசிரியைக்குக் கடிதம் கொடுத்தேன். முதலில் ‘எழுத்துப்பிழை’ என்று எழுதியிருந்தேன்.

“உங்க எழுத்துல பிழையே வராதே, டெரால்டோ?”

அங்கேயே அடித்துத் திருத்தினேன். “வேணும்னே எழுதினேன், மேடம்.”

“இதை மேலிடத்துக்கு அனுப்பியாகணுமே.”

“அனுப்புங்க.” சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே ஓடிவந்தேன். வீரன்!

பிப்ரவரி 6

குழு ஐந்தே நிமிஷம் பார்த்தது. ஏற்றுக்கொண்டார்கள்!

“படிவத்தைப் பத்திக் கேட்டாங்களா?”

“எழுதினது எங்கப்பான்னு சொன்னேன். குழுவுல ஒரு அம்மா சிரிச்சுட்டு, ‘எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தார்’னாங்க.”

அந்த ஒருத்தரோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

பிப்ரவரி 9

பதிவேடு எழுதும் வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இனி பொருள் அறைக்கு நான்தான் காவல். துடைப்பங்களுக்கு நிறம் எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜண்டீரா வர மறுத்துவிட்டாள்: “நீங்க தனியாப் போகணும்ப்பா.”

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இன்னிக்கு வண்டி ஓடாது, சார்.”

மனப்பாடம் செய்து போன மன்னிப்பெல்லாம் மறந்துபோயிற்று. “அண்ணே” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

“தெருவே கேக்குதுடா.”

“கேக்கட்டும்.”

வெகுநேரம் வழியை மறித்தே நின்றார். பிறகு, “மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. அடுப்புல பீன்ஸ் கெடக்கு. வந்து கிளறு” என்று உள்ளே போனார்.

கிளறினேன். அழுதுகொண்டே கிளறியதில் அடிப்பிடித்துவிட்டது. ஒரு மணி நேரம் திட்டினார். வெளியாளை யாரும் அப்படித் திட்டமாட்டார்கள்.