கூலி வாங்காத வழிகாட்டிகள்

ராஜபாளையம்
12.6.94

அன்பு மகன் தவசிமுத்துவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே நன்றாகச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எழுத்து மேலும் கீழும் போவதற்குக் கோபிக்காதே. அறிவொளி முதியோர் வகுப்பில் சிலேட்டில் எழுதிய கை இது, பேப்பரில் இப்போதுதான் பழகுகிறது. ‘ழ’ எழுதினால் அதன் வால் அடுத்த வரியில் போய் இடிக்கிறது. இந்தக் கடிதத்தைக் காலையில் ஆரம்பித்தேன், அம்மா சோற்றுக்கு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், நான் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் நீ எழுதியதை நானே எழுத்துக் கூட்டிப் படித்து அம்மாவுக்குச் சொன்னேன். நியூயார்க்கில் உள்ளூர்க்காரர்களே வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து ஊர் காட்டுவார்கள், கூலி வாங்க மாட்டார்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்டால் போதும் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அம்புட்டுச் சந்தோஷம். நீ எங்களை அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டும் அம்மாதான் பிடிவாதமாக இருந்தாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க வரமாட்டேன் என்றாள். மகன் வேலைக்குப் போனதும் பூட்டிய வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கவா அம்புட்டுத் தூரம் போறது, சும்மா ஊர் காட்டுகிறவன் எவன் இருக்கான், நம்பிப் போனால் நடுத்தெருவில் விட்டுட்டுப் போயிருவான் என்று ஒரே பேச்சு. அவள் வரவில்லை என்றால் நான் மட்டும் எப்படி வருவது? உன் மகனை நான் தூக்காமலே அவன் பள்ளிக்கூடம் போய்விடுவான் போலிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் போன வெள்ளிக்கிழமை உன் அய்யம்மாள் அத்தை மகள் கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அம்மா நேராக மண்டபத்துக்குப் போய்விட்டாள். நான் வெற்றிலை வாங்கத் தேரடிப் பக்கம் வந்தேன். அங்கே ஒரு வெள்ளைக்காரரும் அவர் சம்சாரமும் கையில் மேப்பை விரித்துக்கொண்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, வெயிலில் தக்காளி மாதிரி சிவந்து நின்றார்கள். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்துவிட்டது. விடுவேனா? வாங்க வாங்க என்று முன்னால் நடந்தேன். இது தேர், இது தெப்பக்குளத்துக்குப் போற பாதை, அந்தா தெரியுது மலை என்று தமிழிலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர்களும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்கள். ஆனால் வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் ஊர் காட்டினால் நன்றாகவா இருக்கும்? நேராகக் கல்யாண மண்டபத்துக்கே கூட்டிப் போனேன்.

வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், வெள்ளைக்காரரைப் பார்த்ததும் நாதஸ்வரக்காரர் கூட நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். முதல் பந்தியில் இடம் போட்டு அந்த அம்மாவுக்கு இலையில் எப்படிப் பிசைவது என்று நான் காட்டிக்கொடுத்தேன். பாயசம் வரைக்கும் வந்த பிறகுதான் யோசித்தேன், தெரிந்த முகம் ஒன்றைக்கூடக் காணோமே என்று. பக்கத்து இலைக்காரரிடம் பொண்ணு யாரு என்று கேட்டால், அண்ணாச்சி, உங்களை மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நெனச்சோமே, பொண்ணு தளவாய்புரம் சங்கரலிங்கம் மகள்லா என்கிறார்! ஒரே தெருவில் இரண்டு மண்டபம், இரண்டிலும் கல்யாணம். நான் வேறு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கப் போனால், பந்தி விசாரிக்க வந்த அந்தச் சங்கரலிங்கமே என் தோளை அமுக்கி, எந்த வீடா இருந்தா என்ன, இலையில உக்காந்தாச்சுல்லா, மோர் ஊத்திச் சாப்பிடும் என்று சொல்லிவிட்டார்.

என்னைத் தேடிக்கொண்டு அம்மா வாசலில் வந்து நிற்கிறாள். சொந்தத் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கே வழி தெரியல, இவிய நியூயார்க்குல என்னைக் கூட்டிட்டுச் சுத்தப் போறாகளாம் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். தெருவே சிரித்தது. எனக்கோ, போச்சு, அமெரிக்கா இதோடு போச்சு என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்த வெள்ளைக்கார அம்மா என்ன செய்தாள் தெரியுமா, நேராக வந்து உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். மார்த்தா என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள். இவளும் அழகுத்தாய் என்றாள். அவ்வளவுதான், பொறவு நாங்கள் ஆண்கள் இரண்டு பேரும் பின்னால் நடக்கிற ஆட்கள். அம்மாதான் வழிகாட்டி! முதலில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போய் இரண்டாவது சாப்பாடு. அப்புறம் பால்கோவா கிண்டுகிற அடுப்படி, சேலைக் கடை, தெப்பக்குளம். உன் அம்மா தமிழில் பேச, மார்த்தா அவள் பாஷையில் பேச, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்னத்தைச் சொல்லிச் சிரிச்சீங்க என்று கேட்டால், ரெண்டு பேரு வீட்டுக்காரரையும்தான் என்கிறாள். பஸ் ஏற்றிவிடும்போது அந்த வெள்ளைக்காரர் ஏதோ நோட்டை எடுத்து நீட்டினார். அம்மா அவர் கையை மடக்கி, தன் தலையிலிருந்த பூவை எடுத்து மார்த்தாவுக்கு வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், சத்திரப்பட்டி ரோடு திரும்பினதும் அம்மா சொன்னாள், நான் மார்த்தாவைச் சும்மாதானே கூட்டிட்டுச் சுத்தினேன், அங்கேயும் ஒருத்தி இருக்க மாட்டாளா, நாளைக்குப் போட்டோ எடுக்கப் போவோம் என்று.

எடுத்தாகிவிட்டது தவசி! சிரிக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் எவ்வளவோ சொல்லியும் அம்மா சிரித்துவிட்டாள், அதனால் இன்னொரு தடவை எடுத்தோம். நீ அந்த ஊர் காட்டுகிற ஆபீசுக்கு இப்போதே எழுதிப் போடு. மெதுவாக நடக்கிற பெண்பிள்ளையாக வேண்டும் என்று கேள். அப்பாவை முன்னால் நடக்க விடக் கூடாது என்றும் எழுதச் சொல்கிறாள்.

மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மழையில் நனையாதே, வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளி. கை வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனசு வரவில்லை. அடுத்த வாரமும் எழுதுவேன். இன்னொன்று, உன் அம்மா சொல்லச் சொன்னாள், ஊர் காட்ட வருகிறவள் யாராக இருந்தாலும் முதலில் வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டுமாம், அதற்குச் சம்மதிக்கிறவளாகப் பார்க்கச் சொல்கிறாள்.

இப்படிக்கு
உன் அப்பா
சோ. ஐயாதுரை