ரூலோஃபின் பிறந்தநாளுக்கு எதை உடுத்துவது

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் அந்தச் சாம்பல் நிற டிராக் சூட்தான். முழங்காலில் பை மாதிரித் தொங்குகிறது. கழுத்துப்பட்டியில் வேறு ஏதோ கிழவரின் பெயர் தைத்திருக்கிறது. முதியோர் இல்லத்துச் சலவையில் மாறிவிட்டதாம். ரூலோஃப் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கால்வாயில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கவாதம் வந்ததிலிருந்து வாயில் மிச்சமிருப்பது ஒரே சொல். காப்பி வேண்டுமா? "ஆமா ஆமா." வேண்டாமா? "ஆமா ஆமா." என்னோடு எதிர்வாதம் பண்ணியே ஆயுளைக் கழித்த மனுஷன்!

திரும்பும் வழியில் சந்தை. மீன் கடைக்காரன் தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டான். "வாங்க வாங்க, மாட்டுத்தோல் ஜோடி! மீனு வேணுமா, பாலிஷ் வேணுமா? மத்த பாதி எப்ப வரும்?" இந்த ஊருக்கு நாங்கள் அப்படித்தான். கறுப்பு லெதர் பேண்ட், லெதர் ஜாக்கெட், முழங்கால் வரை பூட்ஸ். வங்கிக்கும் அதுதான், பல் டாக்டரிடமும் அதுதான். ஆணும் ஆணுமாகக் கைகோத்து, பட்டப்பகலில், நடுத்தெருவில். முதலில் திட்டினார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் பழகிப்போனார்கள்.

"வருவான்" என்றேன். வாங்கிய ஹெர்ரிங் மீனில் பாதியைக் கால்வாயோர நாரைக்குப் போட்டுவிட்டேன்.

மார்ச் 5, புதன்

வார்டுப் பொறுப்பாளர் ஹில்லியிடம் கேட்டேவிட்டேன். அவன் உடையை அவனுக்குப் போடுங்கள் என்று. ஹில்லி நல்லவள், அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டாவது வந்திருப்பேன்.

"வீபே, சூடான தண்ணியில துவைக்க முடியாத எதையும் இங்க போடக்கூடாது. அதுகூடப் பரவாயில்ல. நாள் பூரா உக்காந்தே இருக்கிற உடம்பு, லெதர் உராய்ஞ்சா புண்ணாயிடும். அந்த பேண்ட்டை ஏத்திவிட ரெண்டு பேர் வேணும். காலையில எனக்கு இருக்கிறதே ரெண்டு பேர்தான்."

"மேல்சட்டை மட்டுமாவது? பிறந்தநாள் அன்னைக்கு மட்டுமாவது?"

"அவங்க அக்காகிட்ட கேளுங்க. முடிவு அவங்களோடது."

ஆமாம், அக்காவோடது. இடுப்பு ஆபரேஷனுக்கு முன்னால், தனக்கு முடியாமல் போனால் முடிவெடுக்க ரூலோஃப் அக்கா பெயரைத்தான் எழுதிக்கொடுத்தான். "நீ அழுதுக்கிட்டு நிப்பே. அவ நிக்க மாட்டா" என்று சிரித்தான். நானும் என் அண்ணன் பெயரைத்தான் எழுதினேன். இந்த நாட்டில் ஆணும் ஆணும் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று ஆனபோது நண்பர்கள் எல்லாம் நகரமன்றத்துக்கு ஓடினார்கள். நாங்கள் வாசலில் லெதரில் நின்று அரிசி தூவிக் கிண்டலடித்தோம். எங்களுக்கு எதற்கு மேயரின் முத்திரை? காகிதமெல்லாம் சொந்தக்காரர்களுக்கு, வாழ்க்கை மட்டும் நமக்கு. அப்படி ஒரு திமிர். இப்போதும் அது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவன் இடுப்பில் எந்த பேண்ட் ஏறவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ரூலோஃபின் அக்கா கேஸ்யாவுக்கு ஃபோன் போட்டேன். தேவாலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கினாள்.

"அவன் சீக்காளி, வீபே. அலங்காரம் பண்ணி நிறுத்துறதுக்குப் பொம்மையா?"

"அது அலங்காரம் இல்ல. அதுதான் அவன்."

"அப்படின்னு நீ சொல்றே. உனக்கு அவனை அப்படிப் பாக்கணும், அதான். அவனுக்கு என்ன வேணும்னு யாருக்குத் தெரியும்?"

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

இருபத்திரண்டாம் தேதி பிறந்தநாளுக்கு எல்லாரும் வருகிறார்களாம். கேக் அவளே செய்கிறாளாம். ரூலோஃபுக்கு நீலக் கோட்டு சூட். கடைசியில் குரலைத் தணித்து, "நீயும் கொஞ்சம்... சாதாரணமா வாயேன். பேரப்பிள்ளைங்கல்லாம் வருது. ஒரே ஒரு நாள், எனக்காக" என்றாள்.

அதட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். கெஞ்சினாள்.

மார்ச் 11

அவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டேன். யாருக்கு?

மார்ச் 14, வெள்ளி

அவனுடைய கையில்லாத லெதர் சட்டையைப் பையில் மறைத்துக் கொண்டுபோனேன். கதவைச் சாத்திவிட்டு, செயலிழந்த வலது கையை முதலில் நுழைத்து, முதுகுப்பக்கம் சுற்றி, ஒருவழியாக மாட்டிவிட்டேன். குனிந்து முகர்ந்தான். முகர்ந்தானா? தலை கவிழ்ந்தது, அவ்வளவுதான் நிச்சயம். பிறகு அழ ஆரம்பித்தான். சத்தமாக. வாயைத் திறந்து, குழந்தை மாதிரி.

"என்னடா? பிடிச்சிருக்கா?"

"ஆமா ஆமா."

"கழட்டிடவா?"

"ஆமா ஆமா."

சத்தம் கேட்டு ஹில்லி வந்தாள். திட்டவில்லை. என் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சட்டையைக் கழற்றினாள். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமலும் அழுவார்களாம். சந்தோஷமா, பயமா, ஒன்றுமே இல்லையா? யாரைப் போய்க் கேட்பேன்? அவனைத் தவிர யாருக்குத் தெரியும், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லையே. ஐயோ, என்னதான் செய்வேன் நான்.

மார்ச் 15

போகவில்லை. தைரியம் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

அம்மா சாவுக்கு வாங்கிய சூட் ஒன்று இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் சவப்பெட்டி தூக்க வந்தவன் ஒருவன் நின்றான். பதினெட்டு வயதில் அப்பா "இந்த வேஷத்தோட என் வீட்டுல இருக்காதே" என்றபோது கழற்றாதவன். தெருவில் முட்டை எறிந்தபோது கழற்றாதவன். கேஸ்யா கெஞ்சியதும் கழற்றிவிடுவேனா?

அவனை இனிமேல் பார்க்கக் கூடாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு மூடிவிடும். அவள் சொல்ல மாட்டாள்தான். ஆனால் சொல்ல முடியும்.

சூட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

எப்படி எழுதுவேன் இதை.

சூட் போட்டுத்தான் போனேன். கூடத்தில் இந்த ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் வட்டத்தைச் சுற்றிக் கைகுலுக்கி, பிறந்தநாள்காரனுக்கு மட்டுமா, உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் வாழ்த்து. "உங்க தம்பிக்கு வாழ்த்துகள், கேஸ்யா." "உங்க மாமாவுக்கு வாழ்த்துகள்." என் முன்னால் வந்ததும் எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருத்தர், "உங்க... ம்... வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குத் தாவினார். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ரூலோஃப் நீலக் கோட்டில் உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து முத்தம் கொடுத்தேன். முகத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இடது கையை நீட்டினான். வங்கி மேனேஜருக்குக் கொடுப்பது மாதிரி, மரியாதையாக. அப்புறம் என் தோளைத் தாண்டிக் கதவைப் பார்க்க ஆரம்பித்தான்.

கேக் வெட்டினார்கள். கதவைப் பார்த்தான். பாட்டுப் பாடினார்கள். கதவைப் பார்த்தான். யாராவது உள்ளே வந்தால் கழுத்தை நீட்டுவான், பிறகு தொங்கப்போடுவான். பக்கத்து நாற்காலியில் நான் இருக்கிறேன்! முழங்கால் முழங்காலில் இடிக்கிறது!

"யாரைத் தேடுறான்?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

கேஸ்யா தம்பியைப் பார்த்தாள், என் சூட்டைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள். கண் சிவந்திருந்தது.

"போ. போய் உன் துணியைப் போட்டுக்கிட்டு வா."

"பேரப்பிள்ளைங்க..."

"பேரப்பிள்ளைங்க கிடக்குது! போடா சீக்கிரம்!"

அவள் என்னை "டா" போட்டது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை பஸ், வந்தால் வந்தது. நான் லெதரில் திரும்பியபோது வட்டம் கலைந்து, மேசையில் கடுகுச் சாந்தும் ரெண்டு துண்டு சீஸும்தான் மிச்சம். அவன் ஜன்னலோரத்தில். என்னைப் பார்த்தான். என் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்து, மேலே இழுத்து, கீழே இழுத்து, வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் செய்வானே, அப்படியே. ஜிப்பைப் பிடித்த கையை இரவுச் சாப்பாடு வரும்வரை விடவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். கேஸ்யா கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள், திரும்பி வந்து என்னிடம் கை நீட்டினாள்.

"உன் புருஷனுக்கு வாழ்த்துகள், வீபே."

மார்ச் 24

மாதம் முழுக்கத் தப்பான ஆளின் பேண்ட்டுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அவன் எதை உடுத்தினாலும் அவனுக்கு ஒன்றுதான். அவன் என்னைக் கண்டுபிடிப்பது என் லெதரில்தான்.

ஜூன் 18, புதன்

வெயில் தாங்கவில்லை. எனக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. இதயம் சரியாகத் தள்ளவில்லை என்கிறார் டாக்டர். "பூட்ஸை மறந்துடுங்க" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆசைக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. விரும்பினால் கழற்றலாம் என்றும் இருந்தது.

கேஸ்யாதான் வழி சொன்னாள். என் உடைகள் இப்போது ரூலோஃபின் அலமாரியில் தொங்குகின்றன. நான் பருத்திச் சட்டையும் செருப்புமாகப் பின்வாசல் வழியாகப் போகிறேன். துணி அறையில் ஹில்லி அவற்றைக் கொண்டுவந்து, மண்டியிட்டு எனக்கு மாட்டிவிடுகிறாள். "மூச்சை உள்ள இழுங்க, கால் விரலை மடக்குங்க, இன்னொரு தள்ளு!" என்று பிரசவம் பார்ப்பவள் மாதிரி அதட்டுகிறாள். அவளுக்கு நேரமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 27, வெள்ளி

இன்றைக்கு வலது பூட்ஸ் நுழையவே இல்லை. பவுடர் போட்டுப் பார்த்தாள், பிளாஸ்டிக் பை சுற்றிப் பார்த்தாள். நான் வலியில் கத்திவிட்டேன். "போதும் வீபே" என்று என் முழங்காலில் கை வைத்தாள்.

ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாக அவன் எதிரே போய் உட்கார்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். மறுபடி பூட்ஸைப் பார்த்தான். நான் செருப்புக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, இது நானா இல்லையா என அவன் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன்.